மூடுபனியும் 36 மணி நேரமும்: ரெஜ்ஜோ எமிலியா பயண நாட்குறிப்பு

முதல் நாள்: வந்து சேர்ந்தது

வட இத்தாலியில் இருக்கும் ரெஜ்ஜோ எமிலியா, தன் நகராட்சிப் பாலர் பள்ளிகளுக்குப் பேர்போன ஊர். அந்தப் பள்ளிகளைப் பார்க்கத்தான் இந்தப் பயணம். மிலானிலிருந்து அதிவேக ரயிலில் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் ஊர் வந்துவிடுகிறது. ஆனால் அந்த ரயில் நிற்கும் மெதியோபதானா நிலையம் ஊருக்கு 4 கிலோமீட்டர் வடக்கே, வயல்களுக்கு நடுவில் இருக்கிறது. கட்டடக் கலைஞர் கலாத்ராவா வடிவமைத்து 2013-இல் திறந்த நிலையம்; வெள்ளை இரும்பு விலா எலும்புகளை அலை அலையாக அடுக்கி வைத்தாற்போல் இருக்கும். பார்த்து முடித்ததும் பஸ் தேட வேண்டும். பொலோனியா பக்கமிருந்து வருகிறவர்கள் சாதாரண ரயிலிலேயே வரலாம். அது ஊருக்குள் இருக்கும் பழைய நிலையத்தில் நிற்கும். அங்கிருந்து தண்டவாளத்துக்குப் பின்பக்கம் நடந்தால், இந்தப் பள்ளி முறையை உருவாக்கிய லோரிஸ் மாலகுட்சியின் பெயரிலுள்ள சர்வதேச மையம்.

இந்த மையம் ஒரு காலத்தில் லொகாதெல்லி நிறுவனத்தின் சீஸ் கிடங்கு. பார்மிஜானோ ரெஜ்ஜானோ சீஸ், பேரிலேயே இந்த ஊரைச் சுமந்திருக்கிறது. அதை அடுக்கிவைத்து முதிரவைக்கும் ஊரில் கிடங்குக்குக் குறைவில்லை. 2006-இல் கிடங்கைக் கண்காட்சிக் கூடமும் பயிற்சி அரங்கும் பள்ளியுமாக மாற்றினார்கள். வெளிநாட்டு ஆசிரியர்கள் பள்ளிகளைப் பார்க்க வேண்டுமென்றால் 1994-இல் தொடங்கிய ரெஜ்ஜோ சில்ட்ரன் நிறுவனம் நடத்தும் பயிற்சி வாரத்தில் சேர வேண்டும். நேரே போய் ஒரு பள்ளியின் கதவைத் தட்டினால் திறக்க மாட்டார்கள். அதுவும் நியாயம்தான், உள்ளே இருப்பது குழந்தைகள்.

கிளம்பும் முன் தெரிந்திருக்க வேண்டியவை சில. பள்ளி ஆண்டு செப்டம்பரில் தொடங்கி ஜூனில் முடிகிறது. கோடை விடுமுறையில் வந்தால் காலி வகுப்பறைதான். நவம்பரில் வந்தால் போ ஆற்றுச் சமவெளியின் மூடுபனிக்கும் ஸ்வெட்டருக்கும் தயாராக இருக்க வேண்டும். குழந்தைகள் இருக்கும்போது பள்ளிக்குள் படம் எடுக்க அனுமதி இல்லை. ஆகவே கோடு போடாத நோட்டு ஒன்று, கறுப்புப் பேனா இரண்டு, மடக்கும் டேப் ஒன்று. அறையின் வரைபடத்தைக் கையால் போட்டு, மேசை உயரம், ஜன்னல் விளிம்பின் உயரம், அலமாரியின் ஆழம் ஆகியவற்றை அனுமதி கேட்டு அளந்து எழுதிக்கொண்டால் ஊர் திரும்பியதும் நூறு போட்டோவைவிட உதவும். போட்டோவில் அளவு தெரியாது.

இன்னொன்று. நம்மூரில் பலர் இந்த ஊரின் பள்ளி முறையை மாண்டிசோரியோடு குழப்பிக்கொள்கிறார்கள். இரண்டும் இத்தாலிதான். மரியா மாண்டிசோரி தன் முதல் 'குழந்தைகள் இல்ல'த்தை 1907-இல் ரோமில் தொடங்கினார். 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து பயிற்சி வகுப்பு நடத்தினார், போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் இருந்தார். அதனால் அந்த முறை நமக்குப் பழக்கம். அதில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு வேலை உண்டு: இளஞ்சிவப்புக் கோபுரம் என்றால் 1 செ.மீ. முதல் 10 செ.மீ. வரை 10 கனசதுரங்கள், பெரிதிலிருந்து சிறிதாக அடுக்க வேண்டும். ரெஜ்ஜோவில் அப்படி நிர்ணயித்த கருவிப்பெட்டி கிடையாது. விலைக்கு 'ரெஜ்ஜோ கிட்' என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

இரண்டாம் நாள்: டாங்கி விற்ற காசு

ஊருக்கு மேற்கே சில கிலோமீட்டரில் வில்லா செல்லா என்ற சிற்றூர். 1945 ஏப்ரல் 25 இத்தாலியின் விடுதலை நாள். அடுத்த சில நாட்களில் இவ்வூர் மக்கள் ஒரு முடிவெடுத்தார்கள். ஜெர்மானியப் படை விட்டுப்போன ஒரு டாங்கி, சில லாரிகள், குதிரைகள் இவற்றை விற்று அந்தப் பணத்தில் குழந்தைகளுக்குப் பள்ளி கட்டுவது. குண்டுவீச்சில் இடிந்த வீடுகளின் செங்கல்லையும் உத்திரத்தையும் பெயர்த்து எடுத்தார்கள், ஆற்றில் மணல் அள்ளினார்கள். இதைக் கேள்விப்பட்டு சைக்கிளை மிதித்துக்கொண்டு பார்க்க வந்த இளம் ஆசிரியர்தான் லோரிஸ் மாலகுட்சி (1920–1994). பிறகு சுற்றுவட்டாரத்தில் இப்படிப் பெற்றோர் நடத்திய பள்ளிகளோடு சேர்ந்துகொண்டார்.

நகராட்சி இந்த வேலையைத் தன் கையில் எடுத்தது 1963-இல். முதல் நகராட்சிப் பாலர் பள்ளியின் பெயர் ராபின்சன். 1970-இல் பூங்காவுக்குள் தியானா பள்ளி வந்தது. 1991-இல் அமெரிக்காவின் நியூஸ்வீக் பத்திரிகை உலகின் சிறந்த பள்ளிகள் வரிசையில் இதைச் சேர்த்ததும் வெளிநாட்டார் வரத்து பெருகிவிட்டது. 1971-இல் 3 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான முதல் 'நீதோ'. நீதோ என்றால் கூடு. அதற்கு ஜெனோயெஃபா செர்வி என்று பெயர் வைத்தார்கள். 1943 டிசம்பரில் பாசிசவாதிகள் சுட்டுக்கொன்ற ஏழு சகோதரர்களின் தாய் அவர். பள்ளிப் பெயர்களைக் கேட்டாலே ஊரின் வரலாறு வந்துவிடும்.

சாயங்காலம் நிர்வாக அமைப்பை விளக்கினார்கள். கவனமாகக் கேட்க வேண்டிய பகுதி இதுதான். வந்தவர்களில் பாதிப் பேர் ரயில் களைப்பில் கண்ணயர்ந்தார்கள்.

பாலர் பள்ளி 3 முதல் 6 வயது வரை. வகுப்புக்கு ஏறக்குறைய 25 குழந்தைகள், இரண்டு ஆசிரியர்கள். ஒருவர் தலைமை, மற்றவர் உதவி என்று கிடையாது, இருவருக்கும் ஒரே பதவி. அதே ஆசிரியர்கள் அதே குழந்தைகளோடு மூன்று ஆண்டும் போவார்கள். பள்ளிக்குத் தலைமை ஆசிரியர் என்ற பதவியே இல்லை. சில பள்ளிகளுக்குச் சேர்த்து ஒரு 'பெடகோஜிஸ்தா' இருக்கிறார். மேற்பார்வையிட்டு மதிப்பெண் போடுவது அவர் வேலையில் சேராது. ஆசிரியர்கள் கொண்டுவரும் பதிவுகளைக் கூட உட்கார்ந்து படிப்பதுதான் அவருக்கு வேலை. ஒவ்வொரு பள்ளியிலும் 'ஆதெலியே' என்ற பட்டறை, அதற்கு 'ஆதெலியெரிஸ்தா' என்று கலைப் படிப்பு படித்த ஒருவர். சமையல்காரரும் துப்புரவுப் பணியாளரும் ஆசிரியர் கூட்டங்களில் உட்கார்வார்கள்.

இப்போது வேலை நேரம். ஆசிரியருக்கு வாரம் 36 மணி. அதில் ஏறக்குறைய 30 மணிதான் குழந்தைகளோடு. மிச்சம் 6 மணி கூட்டம், திட்டமிடல், பதிவெழுதல், பெற்றோர் சந்திப்பு, பயிற்சி ஆகியவற்றுக்கு. அதற்கும் சம்பளம் உண்டு. நாளை முதல் பார்க்கப்போகும் அழகான விஷயங்கள் எல்லாமே இந்த 6 மணி நேரத்தில்தான் காலூன்றி நிற்கின்றன. நோட்டில் இதைக் கட்டம் கட்டி எழுதிவைப்பது நல்லது.

மூன்றாம் நாள்: ஒரு தாள், நான்கு பத்தி

இன்று போன பள்ளியின் பெயர் இங்கே வேண்டாம். நடுவில் 'பியாட்சா' எனும் பொதுக்கூடம், ஊர்ச் சதுக்கம் போல. எல்லா வகுப்பும் அதற்குள்தான் திறக்கிறது. சமையலறைக்குக் கண்ணாடிச் சுவர். தரையில் முகம் பார்க்கும் பெரிய கண்ணாடிகள் மூன்றை முக்கோணக் கூரைபோல் சாய்த்து நிறுத்தியிருக்கிறார்கள்; உள்ளே புகுந்த குழந்தைக்குத் தன்னைப்போல் எண்ணற்ற பேர் தெரிகிறார்கள். சுவரில் வாங்கி ஒட்டிய மிக்கி மௌஸ் எதுவும் இல்லை. குழந்தைகள் ஆசிரியரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். 'மிஸ்' என்று கேட்டுப் பழகிய காதுக்கு அரை நாள் உறுத்துகிறது, பிறகு சரியாகிவிடுகிறது.

வெளியே மூடுபனி. முற்றத்து மரம் காலையில் தெரியவில்லை. நான்கரை, ஐந்து வயதுக் குழந்தைகள் நால்வர் ஜன்னலோரம். ஓர் ஆசிரியர் அவர்களோடு தரையில் உட்கார்ந்திருந்தார். மற்ற ஆசிரியர் மீதிக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டார். ஐந்தாறு பேர் ஆதெலியேவில் இருந்தார்கள். மொழிபெயர்ப்பாளர் காதோரம் சொன்னது:

"பனி மரத்தைத் தின்னுடுச்சு."

"தின்னலை. மரம் உள்ள ஒளிஞ்சிருக்கு."

"பனிக்குக் கதவே இல்லையே, எப்படி உள்ள போச்சு?"

"நம்ம போனா நம்மளையும் காணாமப் போயிடுமா?"

நம் வகுப்பாக இருந்தால் இந்த இடத்தில் 'பனி என்பது நுண்ணிய நீர்த்துளிகள்' என்று பாடம் தொடங்கியிருக்கும். அந்த ஆசிரியர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "மரம் அங்கேயே இருக்குன்னு எப்படித் தெரிஞ்சுக்கலாம்?" என்று கேட்டார். ஒரு சிறுவன் கயிறு கேட்டான். ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டி, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு இருவர் போவது என்று முடிவாயிற்று. திரும்பி வர வழி தெரிய வேண்டுமாம்.

இந்தக் காட்சி அழகுதான். நமக்கு வேண்டியது ஆசிரியர் மடியில் இருந்த தாள். ஏ4 தாளைக் குறுக்காகத் திருப்பி நான்கு பத்தியாகப் பிரித்திருந்தார். முதல் பத்தியில் நேரம். இரண்டாவதில் குழந்தையின் முதலெழுத்தும் அது சொன்ன வார்த்தையும், சொன்னபடியே. மூன்றாவதில் கையும் காலும் செய்தது: 'ஜன்னலில் விரலால் மரம் வரைகிறாள்', 'கயிற்றை இடுப்பில் சுற்றிப் பார்க்கிறான்'. நான்காவதில் ஆசிரியர் தானே கேட்ட கேள்வியும் அந்தக் கணத்தில் தோன்றியதும். பக்கத்தில் ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கருவி.

மத்தியானம் குழந்தைகள் தூங்கும்போது இரு ஆசிரியர்களும் ஆதெலியெரிஸ்தாவும் அந்தத் தாளை நடுவில் வைத்து உட்கார்ந்தார்கள். நான்காம் பத்தியில் இருந்த அந்தக் கேள்வியைச் சக ஆசிரியர் வட்டமிட்டார். "மரம் அங்கேயே இருக்கு" என்று பதிலைக் கேள்விக்குள்ளேயே சொல்லிவிட்டாய் என்றார். தின்றுவிட்டது என்ற கட்சிக்கு அத்தோடு இடமில்லாமல் போனது. அப்படிச் சொன்ன சிறுமி அதன்பின் பேசவே இல்லை என்று தாளிலேயே தெரிந்தது. "மரத்துக்கு என்ன ஆச்சுன்னு எப்படித் தெரிஞ்சுக்கலாம்?" என்று கேட்டிருக்கலாம். காலையில் கேள்வி கேட்ட ஆசிரியர் முகம் சுளிக்காமல் எழுதிக்கொண்டார். மறுநாள் அந்தச் சிறுமியிடம் அவள் கருத்தை வரையச் சொல்வது என்று முடிவு.

டாக்குமென்டேஷன் என்று நாம் சொல்வது இதைத்தான். சுவரில் தொங்கும் பலகை கடைசிப்படி. அதற்கு முன்னால் உள்ள வரிசை இது: சிறு குழுவைப் பிரிப்பது, 4 பேர் போதும், 6-ஐத் தாண்டினால் யார் பேசியது என்று எழுத முடியாது, 15, 20 நிமிடத்தில் நிறுத்திக்கொள்வது, அன்றே ஒலிப்பதிவைக் கேட்டு எழுதுவது, இன்னொருவரோடு படிப்பது, அடுத்து என்ன பொருள், என்ன கேள்வி கொடுப்பது என்று முடிவெடுப்பது. 10 நிமிடப் பேச்சைக் கேட்டு எழுத ஒரு மணி நேரமாவது பிடிக்கும். அன்றே எழுதாவிட்டால் யார் குரல் யாருடையது என்பது மறந்துவிடும்.

எங்கே கெடும் என்பதையும் அங்கேயே சொன்னார்கள். ஆசிரியர் குழந்தையின் வாக்கியத்தைத் திருத்தி எழுதிவிடுவது முதல் கேடு. 'தின்னுடுச்சு' என்பதை 'மறைத்துவிட்டது' என்று எழுதினால் அந்தக் குழந்தையின் யோசனையே போய்விடும். தமிழில் நமக்கு இந்தச் சபலம் இன்னும் அதிகம், பேச்சுத்தமிழைத் தாளில் எழுதக் கை கூசும். கூசக்கூடாது. அடுத்த கேடு, செய்து முடித்த பொருளைக் கையில் பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்த்துச் சிரிக்கும் படம். வேலை நடக்கும்போது கையைப் படமெடுக்க வேண்டும், முகம் அவ்வளவு முக்கியமில்லை. மூன்றாவது, பலகையைப் பெரியவர் கண் உயரத்தில் மாட்டுவது. குழந்தைக்கான வரிசை தரையிலிருந்து 80, 90 செ.மீ. உயரத்தில் தனியாக இருக்க வேண்டும். நேற்று தான் செய்ததைக் குழந்தை பார்த்தால்தான் இன்று அதற்குமேல் போகும்.

கறுப்பு மெல்லிய முனைப் பேனாவைக் கொடுத்து வரையவைப்பதும் இங்கே வழக்கம். பென்சில் கொடுத்தால் ரப்பர் கேட்பார்கள், அழிப்பதிலேயே காகிதம் கிழியும். பேனாவில் கோடு தப்பினால் அதையே ஏதோ ஒன்றாக மாற்றிக்கொள்கிறார்கள். ஆசிரியருக்கும் எந்தக் கோடு முதலில் வந்தது என்பது தெரிகிறது.

நான்காம் நாள்: களிமண்ணும் ஒளி மேசையும்

காலை முழுக்க ஆதெலியேவில். களிமண்ணைப் பற்றி நீளமாகவே எழுதுகிறேன். இதுதான் நம்மூரில் மலிவாகக் கிடைப்பது. இதைத்தான் நாம் பிளாஸ்டிக் டப்பாவில் விற்கும், வண்ணம் கலந்த விளையாட்டு மாவுக்கு விட்டுக்கொடுத்துவிட்டோம்.

2 வயதுக் குழந்தைகளுக்கு முதலில் 5 கிலோவுக்குக் குறையாத ஒரே கட்டியைத் தரையில் வைக்கிறார்கள். கருவி எதுவும் கிடையாது. ஏறி நிற்பது, குத்துவது, கிள்ளுவது. சின்ன உருண்டை கொடுத்தால் குழந்தை அதை உருட்டி நிறுத்திவிடும். பெரிய கட்டி எதிர்த்து நிற்கிறது, அதனால் உடம்பே வேலை செய்கிறது. 4 வயதுக்கு மேல் ஆளுக்கு அரைக் கிலோ முதல் ஒரு கிலோ. பலகையின் மேல் பருத்தித் துணி சுற்றியிருக்கும், இல்லாவிட்டால் மண் ஒட்டிக்கொண்டு எடுக்கும்போது பொருள் கிழியும். வெட்டுவதற்கு இரு முனையிலும் மரக்கட்டை கட்டிய மெல்லிய கம்பி.

தண்ணீர்தான் தகராறு. கிண்ணம் நிறையத் தண்ணீர் வைத்தால் 5 நிமிடத்தில் எல்லாம் சேறு. ஈரத் துணி ஒன்றும் விரல் நுனி நனையும் அளவு தண்ணீரும் போதும். இரண்டு துண்டுகளை ஒட்ட, இரு பக்கமும் குச்சியால் குறுக்கும் நெடுக்கும் கீறி, கூழாகக் கரைத்த களிமண்ணைத் தடவி அழுத்த வேண்டும். வெறுமனே அழுத்தி ஒட்டிய கையும் காலும் காய்ந்ததும் கழன்று விழும். 2 செ.மீ.க்கு மேல் தடித்த பாகம் உள்ளே ஈரமாகவும் வெளியே காய்ந்தும் வெடிக்கும். அதைக் கீழிருந்து குடைந்துவிட வேண்டும். மின்விசிறிக்குக் கீழே காயவைத்தால் ஒரு பக்கம் முந்திக் காய்ந்து வளையும். நம்மூர் மே மாதத்தில் இது இன்னும் மோசம். ஈரத் துணி போர்த்தி அதற்குமேல் பிளாஸ்டிக் உறை, நிழலில் நாலைந்து நாள். அடுத்த நாளும் அதே பொருளில் வேலை தொடர்வதற்கும் இதுவே வழி.

ஒரு குழந்தை நிற்கும் குதிரை செய்ய முயன்றது. கால் மெலிசு, உடம்பு கனம், நான்கு முறை விழுந்தது. ஆதெலியெரிஸ்தா கம்பி சொருகிக் கொடுக்கவில்லை; 'எது எதைத் தூக்குது?' என்று மட்டும் கேட்டார். ஐந்தாவது முறை குழந்தை வயிற்றுக்கடியில் ஒரு தூண் வைத்தது. ஐந்து காலுள்ள குதிரை. அலமாரியில் அதற்கு இடம் கொடுத்தார்கள்.

ஒளி மேசையைப் பார்த்ததும் எல்லோரும் விலை கேட்டார்கள். வாங்க வேண்டாம், தச்சரிடம் சொல்லலாம். 90 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 15 செ.மீ. ஆழமுள்ள பெட்டி, உட்புறம் வெள்ளைப் பெயின்ட், மேலே 5 மி.மீ. பால்வெள்ளை அக்ரிலிக். அடியில் எல்இடி பட்டை, அதற்கும் அக்ரிலிக்குக்கும் இடையே 12 செ.மீ. இடைவெளி விட வேண்டும். குறைத்தால் புள்ளி புள்ளியாக வெளிச்சம் தெரியும், குழந்தை கண்ணுக்கு நல்லதல்ல. 12 வோல்ட் அடாப்டர் பெட்டிக்கு வெளியே, கைக்கு எட்டாத உயரத்தில். பெட்டிக்குள் 230 வோல்ட் வரவே கூடாது. பக்கவாட்டில் காற்றுத் துளைகள். மேல்பரப்பு தரையிலிருந்து 45 செ.மீ. மணலையும் கல்லுப்பையும் நேரே போட்டால் அக்ரிலிக் கீறிவிடும், ஒரு கண்ணாடித் தட்டில் போட்டு வைக்கலாம். பழைய எக்ஸ்ரே தாள், சருகு, வெங்காயத் தோல் எல்லாம் அருமையாக இருக்கும். கண்ணாடிக் கோலி 3 வயதுக்குக் கீழே வேண்டாம்.

நம் வகுப்பறையில் பகல் வெளிச்சம் கொட்டுகிறது. இருட்டு மூலை அமையாவிட்டால் அது வெறும் வெள்ளை மேசை. முதலில் மூலையைத் தேடுங்கள், பிறகு தச்சரைத் தேடலாம்.

ஐந்தாம் நாள்: கூட்டுக்குள்

நீதோ 3 மாதம் முதல் 3 வயது வரை. இன்று நேரம் குறைவு, பார்த்தது நிறைய.

புதுக் குழந்தையைச் சேர்ப்பதற்கு 'இன்செரிமென்தோ' என்று பெயர். ஜூன் முதல் நாள் நம் பள்ளி வாசல்களில் எழும் ஓலத்தை நினைத்துக்கொண்டு இதைக் கேட்க வேண்டும். எல்லாக் குழந்தையையும் ஒரே நாளில் சேர்ப்பதில்லை; மூன்று நான்கு பேராகப் பிரித்து, நாள் தள்ளித் தள்ளி வரச் சொல்கிறார்கள். முதல் நாள் அம்மாவோ அப்பாவோ பாட்டியோ கூடவே ஒரு மணி நேரம், அவ்வளவுதான். இரண்டு மூன்று நாள் இப்படி. பிறகு கால் மணி நேரம் பெரியவர் அடுத்த அறைக்குப் போவார். அப்புறம் அரை மணி, ஒரு மணி. சாப்பாடு வரை இருப்பது அதற்கடுத்து, தூக்கம் கடைசி. இரண்டு வாரம் ஆகும், சிலருக்குக் கூடும். போகும்போது சொல்லிக்கொண்டு போக வேண்டும் என்பது கண்டிப்பான விதி. குழந்தை பொம்மையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நைசாக நழுவினால் அன்றைக்கு மட்டும் அழுகையிலிருந்து தப்பிக்கலாம். அடுத்த பத்து நாள் அது வாசலைவிட்டுக் கண்ணெடுக்காது.

படுக்கை தரையோடு ஒட்டிய கூடை, ஒரு பக்கம் திறந்திருக்கும். தவழும் குழந்தை தூக்கம் வந்தால் தானே போய்ப் படுக்கும், விழித்தால் தானே வெளியே வரும். கம்பிக் கட்டிலில் நின்றுகொண்டு யாராவது தூக்கும்வரை கத்த வேண்டியதில்லை.

சாப்பாட்டு நேரத்தில் பெரிய குழந்தைகளில் இருவர் மூவர் அன்றைய பரிமாறுபவர்கள். மேசைவிரிப்பு, பீங்கான் தட்டு, கண்ணாடி டம்ளர். உடையாதா என்று கேட்காதவர் இல்லை. உடைகிறது, அவ்வப்போது. கனமான டம்ளர் அடியில் அகலமாக இருப்பதையே வாங்குகிறார்கள். உடைந்தால் குழந்தைகளை நகர்த்திவிட்டுப் பெரியவர் பெருக்குவார். பிளாஸ்டிக் டம்ளர் தூக்கியெறிந்தாலும் ஒன்றும் ஆகாது என்பதால் தூக்கியெறிவார்கள். நம் சமையலறையில் எவர்சில்வர் இருக்கும்போது பிளாஸ்டிக் எதற்கு என்று தெரியவில்லை. அன்றைய சமையலில் எர்பட்சோனே, கீரையும் சீஸும் உள்ளே வைத்த, இந்த ஊரின் மெல்லிய அடை. கீரை தின்னாத குழந்தைக்குக் கீரை நறுக்குகிற வேலை கொடுத்திருந்தார் சமையல்காரர்.

அந்தச் சமையல்காரர் மாலைக் கூட்டத்தில் சொன்ன ஒரு தகவலை ஆசிரியர்கள் அப்படியே எழுதிக்கொண்டார்கள்: குறிப்பிட்ட ஒரு குழந்தை மூன்று நாளாகத் தட்டைக் கழுவுமிடத்துக்குக் கொண்டுவந்து தந்துவிட்டு, அங்கேயே நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. மறுநாள் அந்தக் குழுவுக்குத் தண்ணீரும் குழாயும் புனலும் வந்தன. நம் அங்கன்வாடியில் பணியாளரும் உதவியாளரும் என இரண்டு பேர் இருக்கிறார்கள், நர்சரியில் ஆயா அக்கா இருக்கிறார். அவர்கள் பார்ப்பதை யாரும் கேட்பதில்லை. இரண்டாவது ஆசிரியருக்குப் பணம் இல்லை என்று சொல்வோம். இரண்டாவது ஜோடிக் கண் ஏற்கெனவே இருக்கிறது.

ஆறாம் நாள்: கழிவும் திரைச்சீலையும்

ரெமீதா 1996-இல் தொடங்கிய மையம். தொழிற்சாலைகளின் கழிவிலிருந்து தோல் துண்டு, ரப்பர், காகிதச் சுருள், பீங்கான், மூடி எல்லாம் இங்கே வருகின்றன, பள்ளிகள் எடுத்துக்கொள்ளலாம். தொட்டதெல்லாம் பொன்னாகும் மைதாஸ் ராஜாவின் இத்தாலியப் பெயர்தான் இது. கவனிக்க வேண்டியது அடுக்கும் விதம். நம்மூரில் 'வேஸ்ட் பாக்ஸ்' என்றால் எல்லாவற்றிலும் ஒன்றிரண்டு கிடக்கும். இங்கே ஒரே மூடி 200, ஒரே நீளக் குழாய் 150. ஒரே பொருள் நிறைய இருந்தால்தான் வரிசை, அடுக்கு, கோலம் எல்லாம் பிறக்கும். திருப்பூர் பனியன் கட்டிங்கும் சிவகாசி அச்சகத்தின் காகித ஓரமும் மூட்டையாகக் கிடைக்கும். ரசாயனமோ மையோ ஈரமாக ஒட்டியிருப்பதை எடுக்கக் கூடாது. வெட்டுமுனை, ஸ்டேப்ளர் ஊசி பார்த்துப் பிரிக்க இரண்டு பெரியவர்கள் ஒரு மாலை உட்கார வேண்டும்.

பிறகு அரியோஸ்தோ அரங்கம். மேடைத் திரையின் வடிவமைப்பு தியானா பள்ளியின் 5, 6 வயதுக் குழந்தைகளுடையது. குழந்தை வரைந்ததைப் பெரிதாக்கி ஒட்டிய வேலையில்லை இது. அரங்கத்தை வந்து சுற்றிப்பார்த்து, தனித்தனியே வரைந்து, கணினியில் இடம் மாற்றி மாற்றிப் பார்த்து, எது எதன் பக்கத்தில் இருப்பது என்று சண்டை போட்டு ஒத்துக்கொண்ட பிறகே வண்ணம். நகரத்தின் பொதுச் சொத்து ஒன்று குழந்தைகளிடம் கொடுக்கப்பட்டது என்பதை ஊரார் பெருமையாகச் சொல்கிறார்கள். சான் ப்ரோஸ்பெரோ தேவாலயத்துச் சிவப்புப் பளிங்குச் சிங்கங்களையும் குழந்தைகள் வழக்கமாக வந்து தொட்டு, ஏறி, வரைகிறார்கள். நாமும் முதுகைத் தடவிப் பார்த்தோம், வழவழவென்று தேய்ந்திருக்கிறது.

ஏழாம் நாள்: ரயிலில் போட்ட கணக்கு

பெட்டியில் எதை எடுத்துப் போவது என்று பேச்சு வந்தது. ஒளி மேசையின் அளவுகள், நான்கு பத்தித் தாளின் மாதிரி ஒன்று, இன்செரிமென்தோ நாள்வாரி அட்டவணை. மற்றபடி கடையில் விற்ற மரப் பொம்மைகள் ஊரிலேயே கிடைக்கும்.

30 குழந்தைகள், ஓர் ஆசிரியர், ஓர் ஆயா இருக்கும் எல்கேஜி வகுப்பை வைத்துக் கணக்குப் போடலாம். ஐவராகப் பிரித்தால் 6 குழு. வாரம் இரண்டு குழு, குழுவுக்கு 20 நிமிடம். மூன்று வாரத்தில் எல்லாக் குழந்தையும் ஒரு சுற்று வந்துவிடும். அந்த 20 நிமிடம் மீதி 25 பேரை ஆயா பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்குக் களிமண், மணல், கட்டை போன்ற திறந்த வேலையைத் தேர்ந்தெடுக்க வேண்டும், எழுத்துப் பயிற்சி கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் 'மிஸ் முடிச்சிட்டேன்' என்று வந்து நிற்பார்கள். ஒரு குழுவின் பேச்சில் 10 நிமிடத்தைத் தேர்ந்து எழுத ஒரு மணி. இரண்டு குழுவுக்கு வாரம் 2 மணி. சேர்ந்து படிக்க இன்னொரு அரை மணி.

இந்த இரண்டரை மணி எங்கிருந்து வரும்? தினமும் 30 டைரியில் வீட்டுப்பாடம் எழுதிக் கையெழுத்துப் போட, ஒன்றுக்கு 2 நிமிடம் என்றாலும் 60 நிமிடம். வாரம் 5 மணி. எல்லா டைரியிலும் ஒரே வாக்கியம். அதை வாசலில் ஒரு கரும்பலகையில் ஒரு முறை எழுதினால் 5 நிமிடம்.

தாளாளர் ஒப்புக்கொள்ள மாட்டார், டைரியைப் பார்க்காவிட்டால் பெற்றோர் கேட்பார்கள் என்று உடன் வந்தவர் சொன்னார். அதனால் கரும்பலகையை இரண்டாகப் பிரிப்பது என்று பேசியிருக்கிறோம். மேல்பாதியில் அன்றைய செய்தி. கீழ்ப்பாதியில், தரையிலிருந்து 90 செ.மீ. உயரத்தில், அன்று யாராவது ஒரு குழந்தை சொன்ன ஒரு வாக்கியம், சொன்னபடியே, பேச்சுத்தமிழில். ஜூன் இரண்டாம் வாரத்தில் தொடங்கிப் பார்த்துவிட்டு எழுதுகிறோம்.